ஒன்றே முக்கால் இன்ச் சொர்க்கம்

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக முழித்துக்கொண்டிருக்கிறேன். ‘டுபுடுபு’ இல்லை, அது புல்லட். ‘படபட’வும் இல்லை, அது ஆட்டோ. ‘ப்ர்ர்ம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஏழு வயசுப் பையன் பொம்மைக் காரை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. சரி, இப்படி வைத்துக்கொள்ளுங்க. கோயில் திருவிழாவில் நாயனக்காரர் சீவாளியைச் சரிபண்ண ஒரு நொடி நிறுத்துவார். அந்த இடைவெளி காலியாகக் கிடக்கக் கூடாது என்று தவில்காரர் தொப்பிப் பக்கத்தைக் கோலால் மெல்ல உருட்டுவாரே, காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் விழுமே, அது. கிட்டத்தட்ட அதுதான். என் ஜிப்ஸி இப்போது அப்படித்தான் பேசுகிறது. நாற்பத்து நாலு வயசில், ரெண்டு பிள்ளைகளுக்கு அப்பனான நான், பட்டறை வாசலில் ஒரு பைப்பின் வாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதிலிருந்து வருகிற வெதுவெதுப்பை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரர் டீ கிளாஸோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

வண்டியை அறிமுகம் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்குக் கோபம் வரும். 1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸியை இறக்கியபோது அதில் இருந்தது 970 சிசி எஞ்சின், 45 குதிரை. 1996ல் 1298 சிசி போட்டு ‘கிங்’ என்று பட்டம் கட்டினார்கள். 2000த்தில் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. வைத்து, 16 வால்வு, 80 குதிரை. என்னுடையது அந்த ஜாதி, 2002 மாடல். எடை 985 கிலோ, ஒரு டன்கூடக் கிடையாது. முன்னேயும் பின்னேயும் ஸ்பிரிங் பட்டை, மேலே கான்வாஸ் கூரை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, இன்னமும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

சைலன்சர்தான் பரிதாபம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எந்தக் காரிலிருந்தோ கழற்றி மாட்டியது. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி, நடுவில் மூன்று இடத்தில் ஒட்டு. போன மழைக்காலத்தில் பாலக்காட்டு ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ‘கர்ர்ர்’ என்று தீப்பொறி பறக்க இழுபடுகிறது. இறங்கிப் பார்த்தால் பாதிப் பைப் தார்ரோட்டில். இளநீர்க் கடைக்காரரிடம் கயிறு வாங்கிக் கட்டினேன். சுடுகிற பைப்பில் தேங்காய்நார்க் கயிறு கட்டிய மேதை நான்தான். அஞ்சு கிலோமீட்டரில் கயிறு புகைந்து அறுந்தது. அப்புறம் வேலிக்கம்பி. ஆனால் இப்போது யோசித்தால் அந்தக் கயிறு அறுந்ததற்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்போல இருக்கிறது, ஏனென்றால் அதனால்தான் நான் அந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் கூட்டம் கூடிவிடும், அப்புறம் என் வண்டிக்கு அவர் நேரம் கொடுக்க மாட்டார். உக்கடம் பழைய இரும்புக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் தகரம் போட்ட ஒரு பட்டறை. அறுபது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கும். நான் போனதும் போகாததுமாக, செல்போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை எல்லாம் காட்டி, “ண்ணா, எனக்கு ரெண்டரை இன்ச் பைப், நேர் குழாய், சும்மா அதிரணும்” என்றேன். கல்யாணத்துக்குப் பந்தல் போடச் சொல்கிற மாதிரி ஒரு கம்பீரம் எனக்கு.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “ஏனுங் தம்பி, ஊட்டுல வெந்நி அடுப்பு இருக்குதுங்களா?” என்றார்.

“இருக்குதுங்ணா. அம்மா இன்னும் வெறகுலதான் காய வெப்பாங்க.”

“ஊதாங்குழலு என்ன தண்டி இருக்கும்?”

“வெரல் தண்டி.”

“ஏன், போர்வெல் பைப்புல ஊதறது?”

அவ்வளவுதான். என் ரெண்டரை இன்ச் கனவு அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. யோசித்துப் பாருங்க, எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! ஒன்றே முக்கால் இன்ச் பைப்போடு ஒப்பிட்டால் ரெண்டரை இன்ச் பைப்பின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 1300 சிசி எஞ்சின் விடுகிற மூச்சு அதே மூச்சுதான். அகலமான குழாயில் அது சோம்பேறியாகிவிடும், சூடு ஆறும், ஆறினால் கனக்கும், இன்னும் மெதுவாகும். சின்னக் குழாயில் விரட்டிக்கொண்டு ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டுப் போகும். எக்ஸ்பிரஸ் ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டும்போது கீழே கிடக்கிற காகிதத்தை இழுத்துக்கொண்டு போகுமே, அதே மாதிரி சிலிண்டருக்குள் மிச்சம் கிடக்கிற புகையையும் அது இழுத்துக்கொண்டு போகும். உள்ளே புதுக் காற்றுக்கு இடம். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்ப்பா’ என்று இருபது வருஷமாக எல்லாரிடமும் ஞானி மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் சிரித்தார். “அடைச்சு வெச்சா எந்த எஞ்சினுக்குங்க நல்லது? வேகம் வேணும். ரோட்டுல நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல ரேஸ் உடற வண்டிக்கு ஒரு கணக்கு. பாறை மேல ஆயிரத்தைநூறுல ஏற்ற வண்டிக்கு வேற கணக்கு. நீங்க எங்க ஓட்டறீங்க?”

பாறை மேலதான், அண்ணா. பாறை மேலதான்.

ஹெட்டர் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குக் கிறுக்கு முற்றியது. எஞ்சினில் நாலு சிலிண்டர். நாலு புகைவாய். அந்த நாலையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் நாலுக்கு ஒன்று. இரண்டு இரண்டாகச் சேர்த்து, அப்புறம் அந்த இரண்டையும் ஒன்றாக்கினால் நாலு-ரெண்டு-ஒன்று. கேட்டால் ஏதோ வீட்டுவரி ரசீது எண் மாதிரி இருக்கும். ஆனால் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருக்கும் நேரத்தை நினைச்சுக்குங்க. நாலு வரிசையும் ஒரே கதவுக்கு ஒரே சமயத்தில் வந்தால் முட்டல், மோதல், சாம்பார் வாளி கவிழும். எந்த எந்த வரிசை வேறு வேறு நேரத்தில் எழுந்திருக்குமோ அந்த ரெண்டை ஒரு வழியில் விட்டால்? என் எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் வெடித்து, கிராங்க் ஒரு முழுச் சுற்றுச் சுற்றின பிறகுதான் நாலாவது வெடிக்கும். ரெண்டும் மூன்றும் அதே மாதிரி. ஆக ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, ரெண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஒருத்தன் வெளியே போய்க் கதவைச் சாத்தின பிறகுதான் அடுத்தவன் வருவான், வரும்போது முன்னால் போனவன் விட்டுப்போன இழுப்பு இவனுக்குக் கைகொடுக்கும். இந்த உதவி எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் நடுத்தரமாகச் சுற்றும்போதும் கிடைக்கும் என்பதுதான் மலை ஏறுகிறவனுக்கு லாட்டரி. நாலுக்கு ஒன்று வைத்தால் உச்சியில்தான் பாடும். உச்சியில் பாடுவதற்கு நான் என்ன செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலா ஓட்டப் போகிறேன்?

இதை அவர் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். நான் அந்தக் கோட்டை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டு “என்ன, கோலமா?” என்றாள்.

பைப் வாங்கப் போன கதை தனி. ஒன்றரை இன்ச் எங்கே போனாலும் கிடைக்கிறது, ரெண்டு இன்ச் கிடைக்கிறது, ஒன்றே முக்கால் கேட்டால் கடைக்காரர் என்னமோ நான் பச்சை நிற வாழைப்பூ கேட்ட மாதிரிப் பார்க்கிறார். ஒருத்தர் ‘எஸ்.எஸ். தானே, இந்தாங்க’ என்று பளபளவென்று ஒன்றை நீட்டினார். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெற்றி என்று தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் ஒரு சொட்டு மருந்து விட்டு, அதன் மேல் ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்தார். செக்கச்செவேல் என்று சிவந்தது. “இது 202ங்க தம்பி. மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடறது. காந்தம் இதுலயும் ஒட்டாது, 304லயும் ஒட்டாது. ரெண்டு மழைக்குத் துரு புடிக்கும்.” திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். கடைசியில் 304 எங்கே கிடைத்தது தெரியுங்களா? பால் பண்ணைகளுக்குக் குழாய் சப்ளை செய்கிற கடையில்! பால் ஓடுகிற குழாய் என்பதால் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், வளைவுகளை எல்போவாகவே வார்த்தெடுத்த மாதிரி அச்சில் செய்திருப்பார்கள், வளைகிற இடத்தில் குழாய் நசுங்கவே நசுங்காது. சாதாரணமாக மெஷினில் அமுக்கி வளைத்தால் உள்வளைவில் சப்பி, ஒன்றே முக்கால் வாங்கி ஒன்றரைக்கு வேலை செய்யும். ஒன்றே முக்கால் எல்போ ஸ்டாக் இல்லை, சொல்லி வைத்து வரவழைக்கப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் தினம் சாயங்காலம் ஃபோன் செய்தேன். கடைசி நாட்களில் என் நம்பரைப் பார்த்தாலே ‘வரலைங்க’ என்றுதான் எடுத்தார்கள்.

இப்போ வாங்க, வண்டிக்கு அடியில் போவோம். வெட்கப்படாதீங்க. பட்டறைப் பள்ளத்தில் இறங்கி நின்று அண்ணாந்து பாருங்க. மேலே ஜிப்ஸியின் வயிறு. எஞ்சின், அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ், அதிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் தனியாகத் தொங்குகிற டிரான்ஸ்ஃபர் கேஸ். மற்ற பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்கும், ஜிப்ஸியில் தனிக்குடித்தனம். அதிலிருந்து முன் ஆக்சில் ஹவுசிங்குக்கு ஒரு ஷாஃப்ட், பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு ஒரு ஷாஃப்ட். ஆக மூன்று ஷாஃப்ட்டும் கரகரவென்று சுற்றும், ரெண்டு ஹவுசிங்கும் பள்ளத்துக்குப் பள்ளம் மேலும் கீழும் ஆடும், பின்னால் பெட்ரோல் டேங்க். இவ்வளவு பேருக்கு நடுவில், யார் மேலேயும் இடிக்காமல், யாரையும் சுடாமல், ஃபிரேமின் அடிவிளிம்புக்குக் கீழே ஒரு நூல்கூட இறங்காமல் என் பைப் போக வேண்டும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தலையில் பானகக் குடம் வைத்துக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி.

அண்ணன் முதலில் பைப்பைத் தொடவே இல்லை. ஆறு மில்லி கம்பி ஒன்றை எடுத்து, எஞ்சினில் ஆரம்பித்து, வளைத்து வளைத்துப் பின்னால் வரைக்கும் வழி பார்த்தார். ஒரு வளைவு போடுவார், தள்ளி நிற்பார், தலையைச் சாய்ப்பார், பிரிப்பார். பின் சக்கரத்தில் ஒன்றை ஜாக்கி வைத்து முழுக்கத் தூக்கி, மறுபக்கம் தொங்கவிட்டு, அந்தக் கோணத்தில் கம்பிக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே தன் முஷ்டியை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. “ஒரு கைமுட்டி போவணும். அதுக்குக் கம்மின்னா குழியில எறங்கறப்ப ‘டங்’குனு சொல்லும்.” நான் என் முஷ்டியையும் நுழைத்துப் பார்த்தேன். எதற்கு? தெரியாது. நுழைக்க வேண்டும் என்று இருந்தது, நுழைத்தேன்.

வாயை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு முழுச் சாயங்காலம் போனது. எனக்கு ஆசை, பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வர வேண்டும், பார்க்க வெறித்தனமாக இருக்கும். அங்கே வைத்தால் முதல் பாறையிலேயே நசுங்கும், டயர் சுடும், மண்ணைக் கிளப்பிக் கண்ணில் போடும். சரி, நேராகப் பின்னால் பம்பருக்கு அடியில்? மேடு இறங்கும்போது வண்டியின் பிட்டம் முதலில் தரையைத் தொடும், வாய் மண்ணைத் தின்னும். அதைவிட மோசம், கான்வாஸ் கூரை வண்டியில் ஓடும்போது பின்பக்கம் காற்று உள்ளே சுருட்டும், புகையும் கூடவே வந்து உட்காரும். பின்சீட்டில் பிள்ளைகள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இடது பக்கம் விடலாமா என்றேன். மத்திய மோட்டார் வாகன விதி 112ஐ அண்ணன் எண்ணோடு சொன்னார், நான் அசந்துபோனேன். புகை கீழ்நோக்கியும் போகக் கூடாது, இடது பக்கமும் போகக் கூடாது. வலது பக்கமோ பின்னாலோதான். இடது பக்கம் ஆள் நடக்கிற பக்கம் இல்லையா! அடுத்த விதி 113, பெட்ரோல் லைனிலிருந்து 35 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதனால் முடிவு: ஹவுசிங்குக்கு மேலே ஏறி, வலது பின் சக்கரத்துக்குப் பின்னால், ஃபிரேமுக்குள் பதுங்கி, கான்வாஸ் விளிம்பைத் தாண்டி மூக்கை மட்டும் வெளியே நீட்டும். பூனை சமையலறைக் கதவோரம் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஐயோ, அந்த இடம்! வண்டியைச் சுற்றி நடந்து வந்தால் முதலில் தெரியாது, குனிந்தால்தான் தெரியும், தெரிந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

சின்னச் சின்ன விஷயங்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கிளுகிளுப்பாக இருக்கிறது. ஹெட்டருக்குப் பின்னால் வலைபின்னின ஒரு ஃபிளெக்ஸ் பைப். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், பைப் ஃபிரேமில் தொங்கும், நடுவில் இது இல்லாவிட்டால் ஹெட்டர் விரிந்துபோகும். தொங்கவிடும் இடமெல்லாம் ரப்பர், ஏனென்றால் 304 ஒரு மீட்டர் நீளம் 500 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கிற மாதிரி வளர்வதற்கும் சேர்த்துத்தான் தைக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்குத் துளை பைப்பின் மேல்பாதியில், சாய்வாக. அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கிச் செத்துப்போகும். தண்ணீரா, சைலன்சரிலா என்று கேட்பீங்க, நானும் கேட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது! காலையில் கிளப்பும்போது குளிர்ந்த பைப்பில் அதுதான் சொட்டுகிறது. அதற்காக சைலன்சர் டப்பாவின் தாழ்ந்த மூலையில் ரெண்டு மில்லி ஓட்டை ஒன்று. டிரில்லை வைத்து அந்த ஓட்டையைப் போட்டது நான். ஆமாம், நானே.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் போடச் சொல்லி நாலு பேர் காதில் ஓதினார்கள். கழற்றவில்லை. புகைச் சான்றிதழ் வேண்டும், ஊர் நுரையீரலும் வேண்டும். டப்பாவும் உண்டு, உள்ளே துளைபோட்ட நேர்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு முன்னால் ஒரு சின்ன ரெசனேட்டர். ஊரை எழுப்புகிற சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். அதைவிட, ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் பிளந்துகொண்டு போகிறவனை என் அம்மா என்ன சொல்லித் திட்டுவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது சத்தம் இல்லை, குரல்.

வெல்டிங் நாள். ஆர்கான். மற்ற வெல்டிங்கில் பொறி பறக்கும், புகை வரும். இதில் ஒன்றும் இல்லை, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய சீழ்க்கை, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நெல்மணி அளவுக்கு ஒரு வெள்ளைக் குளம், அண்ணன் கை அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டு போகிறது, பின்னாலேயே பூரான் கால் மாதிரி வரிசை வரிசையாகத் தழும்பு விழுந்துகொண்டே வருகிறது. பைப்பின் ரெண்டு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கானை நிரப்பியிருந்தார், இல்லாவிட்டால் உள்பக்கம் பொரிந்து கருகி சொரசொரப்பாகிவிடுமாம். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால்... வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுத்த நாவல், அப்புறம் மயில்கழுத்து நீலம். ஒரே தையலில் மூன்று நிறம். காஞ்சிபுரம் பட்டுக்கு இப்படி ஒரு கரை போட்டால் நான் வாங்கித் தருவேன் என்று மனைவியிடம் சொன்னேன். முதலில் சாதாரணக் கரையோடு ஒன்று வாங்கித் தரச் சொன்னாள்.

மாட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஆறரை. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. பட்டறைப் பையன் கிரைண்டரை நிறுத்தினான். அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “போடுங்க” என்றார். எனக்குச் சாவித் துவாரம் கிடைக்கவில்லை. நிஜமாகவே கிடைக்கவில்லை, கை அப்படி. திருப்பினேன். ஸ்டார்ட்டர் ரெண்டு முறை முனகிற்று, அப்புறம், அப்புறம்... முதல் வெடி பைப்பில் உருண்டு வெளியே வந்து விழுந்தது பாருங்க, தகரக் கூரையில் அடுக்கியிருந்த ஃபிளேஞ்ச் எல்லாம் மெல்ல ஒரு கிணுகிணுப்புப் போட்டு அடங்கியது, ஐடிலிங் பிடித்ததும் அந்தத் தவில் உருட்டல் ஆரம்பித்தது, ஒரே சீராக, ஒரே கனமாக, நான் இறங்கி ஓடிப் பின்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், புது உலோகம் சூடாகிற வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு கருகுகிற வாசனை, வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், ரெண்டு சொட்டு, உள்ளங்கையில் அந்தத் துடிப்பு ஒண்ணு-ரெண்டு-மூணு-நாலு என்று எண்ணிவிடலாம்போல, பையன் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டினான், உருட்டல் எழுந்து நின்று ஒரு கமகம் போட்டு மறுபடி உட்கார்ந்தது, நான் “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்கிறேன், அவன் தட்டுகிறான், நான் மறுபடியும் “இன்னொரு தடவை”. எத்தனை தடவை என்று தெரியாது. அண்ணன்தான் “பெட்ரோலு சும்மா வருதுங்களா” என்று சாவியைத் திருப்பினார்.

இது எல்லாமே சத்தம்தானே, ஏறுமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொல்லிமலை. காரவள்ளியில் இருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு, எண்ணிக்கொண்டே போகலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, விரட்டி, அது மூச்சிரைத்து, எனக்கும் மூச்சிரைக்கும். இந்தத் தடவை ரெண்டாவது கியரிலேயே வளைவுக்குள் போகிறேன், ஆர்பிஎம் ஆயிரத்தைநூறுக்கு விழுகிறது, இப்போது இருமும் பார் என்று பல்லைக் கடிக்கிறேன், அது இருமவில்லை! காலை வைத்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு உந்தல், யாரோ பின்னால் நின்று இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி. ஒரு பக்கம் மலைச்சுவர், அதில் மோதி அந்தக் குரல் காதுக்குத் திரும்பி வருகிறது. மறுபக்கம் பள்ளம், அங்கே குரல் சட்டென்று காணாமல் போகிறது. அடுத்த வளைவில் சுவர் இந்தப் பக்கம். இடக்காது, வலக்காது, இடக்காது. எழுபது தடவை! முப்பத்தெட்டாவது வளைவில் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்து சீட்டில் இருந்த மச்சான் சொன்னான், கேட்கவில்லையே என்றேன்.

மேலே நண்பனின் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஓடையில் இறங்கி அவன் வீட்டுக்கு ஏறுகிற தடம், கால்பந்து அளவுக் கல்லும், அதற்கு நடுவில் வழுக்குகிற சேறும். நாலு சக்கரமும் போட்டு, லோ ரேஞ்ச், முதல் கியர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். நம்புங்க, எடுத்துவிட்டேன். ஐடிலிங்கிலேயே, தவிலை மெதுவாக உருட்டிக்கொண்டே, ஒரு கல்லில் ஏறி, யோசித்து, இறங்கி, அடுத்த கல்லில் ஏறி, ஆமை மாதிரி, ஆனால் நிற்காத ஆமை. ஒரு இடத்தில் பின் ஹவுசிங் ஒரு பக்கம் முழுக்கத் தொங்கியது. ‘டங்’ வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அண்ணனின் கைமுட்டி அங்கே இருந்தது.

குறையே இல்லையா? இருக்கிறது, சரி. ஹைவேயில் டாப் கியரில் மூவாயிரத்தைத் தொட்டால் உள்ளே ஒரு முரல்வு வரும், நாலு சிலிண்டர் எஞ்சினில் அந்த வேகத்துக்கு விநாடிக்கு நூறு வெடி, கான்வாஸ் கூரை அதோடு சேர்ந்து பாடும். மச்சான் தலைவலிக்கிறது என்றான். இருநூறு கூட்டியோ குறைத்தோ ஓட்டினால் போய்விடும். போய்விடும் என்றால் பெரும்பாலும் போய்விடும். செலவு முப்பத்தோராயிரம். வீட்டில் பதினெட்டு என்று சொல்லியிருக்கிறேன், இதைப் படிப்பவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் பதினெட்டு.

மிச்சம் விழுந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் ஒன்று ஹெட்டர் பைப், ஒன்றேகால் இன்ச், ஒன்றரை அடி நீளம், அசல் 304. விளிம்பை அரத்தால் ராவி, துணி வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அம்மாவிடம் கொடுத்தேன். “ம்மா, புது ஊதாங்குழல். பாலு போற பைப்பு. ஆயுசுக்கும் துரு பிடிக்காது.” அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஊது ஊதினாள். சாம்பல் பறந்தது, நெருப்பு அசையவில்லை. இன்னொரு ஊது. கன்னம் உப்பியதுதான் மிச்சம். கீழே வைத்துவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த பழைய குழலை எடுத்தாள்.

“ஓட்ட பெருசா இருக்குதுடா. காத்து வேகமாப் போவ மாட்டீங்குது.”

அண்ணனுக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இருமிக்கொண்டே சிரிக்கிற சத்தம்.

“முக்கால் இன்ச்சு துண்டு ஒண்ணு கெடக்குதுங்க தம்பி. நாளைக்கு வாங்க, அம்மாவுக்குப் போட்டுத் தாரேன்.”